பிளக் மாற்றியும் வண்டி மக்கர் பண்ணுதா? பழைய வண்டிக்குச் சரியான ஸ்பார்க் பிளக் எது?

அதிகாலை ஐந்து மணி. நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் ஒன்று கிளம்புகிறது. பின்னால் ஈரச் சாக்கில் மல்லிகை மொட்டு. மொட்டு மொட்டாகவே இருக்கும்போது மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் நல்ல விலை. வெயில் ஏறி, வாய் விரிந்துவிட்டால் கேட்பார் இல்லை. ஓட்டி வரும் விவசாயிக்கு அரை மணி நேரத் தாமதம் என்றால் அன்றைய கூலியில் ஓட்டை.

அந்த மாதம் மட்டும் மூன்று முறை வண்டி பாதி வழியில் நின்றது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் ‘டப்... டப்’ என்று மிஸ் அடிக்கும். பிறகு இருமல் வந்ததுபோல் குலுங்கி அணைந்துவிடும். முதல் முறை நின்றபோது, வழியில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்று கொடுத்த பிளக்கை வாங்கிப் போட்டார். இரண்டு வாரம் ஓடியது. அடுத்த முறை, ‘இரிடியம் போடுங்க, பிக்கப் எகிறும்’ என்றார்கள். சாதா பிளக்கைப்போல பல மடங்கு விலை. அதுவும் பத்து நாளில் கரி பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மூன்றாவது முறை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது, புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம். அவர் வண்டியைக்கூடப் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, காய்ச்சல்னு போனா டாக்டர் முதல்ல நாக்கை நீட்டுன்னு சொல்வாருல்ல? எனக்கு நாக்கு இதுதான். இது வேற வண்டிக்கான பிளக்கு. ஆமா, பெட்ரோல்ல ஆயில் எவ்வளவு ஊத்துற?”

“கொஞ்சம் கூடத்தாண்ணே ஊத்துவேன். இன்ஜின் பிடிச்சிரக் கூடாதுல்ல?”

“அதான் பாரு. பிளக்கும் தப்பு, ஆயிலும் தப்பு. நீ பிளக்கை மட்டும் மாத்திக்கிட்டே இருக்க!”

இந்தச் சின்ன உரையாடலில், பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தேவையான பாடம் இருக்கிறது. அப்பா விட்டுச் சென்ற யமஹா ஆர்எக்ஸ் 100, தாத்தா காலத்து புல்லட், வீட்டு வாசலில் நிற்கும் மாருதி 800 என எதுவாக இருந்தாலும், வண்டி தகராறு செய்தால் முதலில் கை போவது பிளக்கில்தான். மலிவான பொருள், சுலபமாக மாற்றிவிடலாம். ஆனால், எந்த பிளக் என்று தெரியாமல் மாற்றினால், நூறு ரூபாய்ப் பொருள் ஆயிரக்கணக்கில் செலவு வைத்துவிடும்.

பிளக் பவரைக் கொடுக்குமா?

கொடுக்காது. பவர், பெட்ரோலும் காற்றும் சேர்ந்து எரிவதில்தான் இருக்கிறது. அந்தக் கலவையைச் சரியான நொடியில் பற்றவைக்கும் தீக்குச்சிதான் பிளக். நல்ல பிளக், இன்ஜினில் ஏற்கெனவே இருக்கும் பவரை முழுதாக வெளியே எடுக்கும். தப்பான பிளக் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பழைய பிளக்கை மாற்றியதும் ‘வண்டி பறக்குது’ என்று தோன்றுவது, புதிதாக வந்த பவரால் அல்ல. இழந்திருந்தது திரும்பி வந்ததால்தான்.

அது படும் பாடும் கொஞ்சநஞ்சமல்ல. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால், நொடிக்கு 83 பொறி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்பதால் அதில் பாதி. ஒவ்வொரு பொறிக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம், அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும்.

சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, அந்தத் தாவல் கடினமாகும். அதனால்தான் சமதரையில் சும்மா ஓடும்போது ஒழுங்காக இருக்கும் வண்டி, மேட்டில் ஏறும்போதும், பின்னால் ஆள் உட்காரும்போதும் மிஸ் அடிக்கிறது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துக் கிக்கரை மிதித்து, ‘பொறி வருதே, பிளக் நல்லாத்தானே இருக்கு’ என்று முடிவு கட்டுவதும் இதனால்தான் தவறாகிப்போகிறது. வெளிக்காற்றில் பொறி விடும் பிளக், உள்ளே அழுத்தத்தில் விடாமல் போகலாம்.

சூடான பிளக், குளிர்ந்த பிளக்

பிளக் வாங்கும்போது பலரும் கவனிக்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், அதன் வெப்பத் தன்மை. ‘ஹீட் ரேஞ்ச்’ என்பார்கள். சூடான பிளக் என்றால் பெரிய பொறி விடும் என்று நினைப்பது தவறு. பொறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிளக்கின் முனை வாங்கிய சூட்டை எவ்வளவு வேகமாக இன்ஜினின் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் கணக்கு.

பிளக்கின் அடியில் தெரியும் வெள்ளைப் பீங்கான் மூக்கைப் பாருங்கள். மூக்கு நீளமாக இருந்தால், சூடு வெளியேற நெடுந்தூரம் போக வேண்டும். முனை சூடாகவே இருக்கும். இது சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால், சூடு சட்டென்று இறங்கிவிடும். இது குளிர்ந்த பிளக்.

முனையின் சூடு ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான், அதில் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். அதற்குக் கீழே இருந்தால் கரி படிந்துகொண்டே போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறியாகக் குதிக்க வேண்டிய மின்சாரம், கரி வழியே கசிந்து ஓடிவிடும். வண்டி மிஸ் அடிக்கும், பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய் வழியே வீணாகும், மைலேஜ் விழும்.

மறுபக்கம் இதைவிட ஆபத்தானது. முனை ஏறக்குறைய 850 டிகிரியைத் தாண்டினால், பொறி வரும் முன்பே கலவை அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். மேலே ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்து வெடிப்பு அமுக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம். இந்த நிலையில் வண்டியை விடாமல் ஓட்டினால், பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்துவிடும். நூறு ரூபாய்ப் பிளக்குக்கு விலை, முழு இன்ஜின் வேலை.

அதனால்தான் ஒரே பிளக் எல்லா வண்டிக்கும் ஒத்துவராது. நிதானமாகச் சுழலும், கம்ப்ரஷன் குறைந்த பழைய புல்லட்டுக்குச் சற்று சூடான பிளக் பொருந்தும். ஆர்எக்ஸ் 100 போல அதிகச் சுற்றில் ஓடும் டூ ஸ்ட்ரோக்கில், ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக் நெருப்பில் நிற்கிறது. அதற்குக் குளிர்ந்த பிளக் வேண்டும். பூ ஏற்றி மெதுவாகப் போகும் எக்ஸ்எல்லில், வேகமான பைக்குக்கான குளிர்ந்த பிளக்கைப் போட்டதால்தான், அந்த விவசாயியின் விலை உயர்ந்த இரிடியமும் பத்தே நாளில் கரியானது.

எண்ணில் ஒளிந்திருக்கும் குழப்பம்

‘பெரிய நம்பர் போட்டா நல்லதா, சின்ன நம்பரா?’ என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. பதில், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடானது. நேர் எதிர்!

ஓர் உதாரணம். என்ஜிகே-யின் பிபி6இஎஸ், பாஷின் டபிள்யூ7டிசி, சாம்பியனின் என்9ஒய்சி. மூன்றையும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று மாற்றாகவே கடைக்காரர்கள் கொடுப்பார்கள். எண்களைப் பாருங்கள்: 6, 7, 9. விவரம் தெரியாமல் ‘அதே நம்பர் கொடுங்க’ என்று கம்பெனி மாற்றிக் கேட்டால் கதை கந்தல்.

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெங்களூரு மைக்கோ நிறுவனம்தான் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்து மைக்கோ, பாஷ் பிளக்குகளில் 145, 175, 225 என மூன்று இலக்க எண் இருக்கும். அந்த முறையில் எண் கூடினால் குளிர்ச்சி. பிறகு வந்த ஒற்றை இலக்க முறையில் எண் கூடினால் சூடு. தாத்தாவின் டூல் பாக்ஸில் கிடந்த பிளக்கின் எண்ணை வைத்துப் புதியதைத் தேர்ந்தெடுக்கும் முன், கடையில் மாற்று அட்டவணையைப் பார்க்கச் சொல்வது நல்லது.

மரை நீளம்: கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பெரும்பாலான பழைய வண்டிகளின் பிளக் மரை 14 மில்லிமீட்டர் அகலம். அதனால் எந்த பிளக்கும் எந்த வண்டியிலும் ஏறிவிடும்போல் தோன்றும். ஆனால், மரையின் நீளம் வேறு. 12.7 மி.மீ. ஒன்று, 19 மி.மீ. இன்னொன்று. என்ஜிகே பிளக் எண்ணில் ‘ஹெச்’ எழுத்து இருந்தால் 12.7, ‘இ’ இருந்தால் 19.

குட்டை மரைக்கான ஹெட்டில் நீள மரை பிளக்கை ஏற்றினால், முனை சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு பிஸ்டனில் இடிக்கலாம். ஒரே மிதியில் பிளக்கும் போய், பிஸ்டனும் போகும். மாறாக, நீள மரை ஹெட்டில் குட்டை பிளக்கைப் போட்டால், பொறி பொந்துக்குள்ளேயே விழும். கலவை சரியாகப் பற்றாது. காலியாக நிற்கும் மரையில் கரி இறுகி, பிறகு சரியான பிளக்கே ஏறாமல் அடம்பிடிக்கும். புது பிளக் வாங்கியதும் பழையதைப் பக்கத்தில் வைத்து, மரை நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நொடி போதும்.

இடைவெளியும் ரெசிஸ்டரும்

இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் சந்தை ‘கேப்’ என்பார்கள். பெரிய கேப் என்றால் பெரிய பொறி, அதனால் பெரிய கேப் நல்லது என்ற எண்ணம் புது வண்டிக்குப் பொருந்தலாம். எஸ்டி, ராஜ்தூத், பழைய புல்லட், அம்பாசடர்போல ‘பாயின்ட்’ வைத்து ஓடும் வண்டியில், காயில் கொடுக்கும் மின்சாரத்துக்கு ஓர் அளவு உண்டு. கேப் அதிகமானால் பொறி தாண்டாது. அம்பாசடரின் அந்தக் காலத்து பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறக்குறைய 0.64 மி.மீ. போதும். பழைய வண்டிகள் பலவற்றுக்கும் 0.5 முதல் 0.7 மி.மீ. வரைதான் கணக்கு. ஓட ஓட முனை தேய்ந்து கேப் தானாகவே விரியும். ஆகவே, ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, பக்கவாட்டு முனையை மட்டும் மெல்லத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். நடு முனையைத் தொடக் கூடாது.

பிளக் எண்ணில் ‘ஆர்’ எழுத்து இருந்தால், உள்ளே ஏறக்குறைய 5,000 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம். ரேடியோ இரைச்சலையும், எலெக்ட்ரானிக் பாகங்களுக்கு வரும் தொந்தரவையும் குறைக்க இது வந்தது. பாயின்ட் வைத்த பழைய வண்டிக்கு இது கட்டாயமில்லை, போட்டாலும் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால், சிடிஐ போன்ற எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிக்கு கம்பெனி ‘ஆர்’ பிளக் சொல்லியிருந்தால், அதை விட்டு மாறக் கூடாது.

இரிடியம் போட்டால் பறக்குமா?

சாதா பிளக்கில் முனை நிக்கல் கலவை, உள்ளே சூட்டைக் கடத்தத் தாமிரம். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். பிளாட்டினம் 1,768. இரிடியம் 2,446. சாதா பிளக்கின் நடு முனை ஏறக்குறைய 2.5 மி.மீ. தடிமன் என்றால், இரிடியத்தை 0.6 மி.மீ. ஊசியாகவே செய்ய முடியும். ஊசி முனையிலிருந்து பொறி குதிக்கக் குறைந்த வோல்ட் போதும். குளிர்ந்த காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆவது, ஐடிலிங்கில் நடுக்கம் குறைவது, நீண்ட நாள் உழைப்பது ஆகிய மூன்றும் உண்மையான நன்மைகள்.

ஆனால், ஒழுங்காகப் பற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினில் அது கூடுதல் குதிரைசக்தியைக் கொடுக்காது. ரிங் தேய்ந்து ஆயில் எரிக்கும் இன்ஜினில், ஊசி முனையும் அதே எண்ணெய்க் கரியில்தான் மூழ்கும். அந்த வண்டிக்கு அடிக்கடி மாற்றக்கூடிய சாதா பிளக்கே லாபம். இரிடியம் போடுவதாக இருந்தாலும், கம்பெனி சொன்ன அதே வெப்பத் தன்மை, அதே மரை நீளம் இருக்க வேண்டும். உலோகம் இரண்டாவது, எண்தான் முதலாவது.

பிளக் சொல்லும் ஜாதகம்

சில கிலோமீட்டர் நன்றாக ஓட்டி, இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

* பிஸ்கட் நிறம் அல்லது இளம் பழுப்பு: எல்லாம் நலம். எதையும் மாற்ற வேண்டாம்.

* காய்ந்த கரி, கையில் ஒட்டும் புகைக்கருப்பு: பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, சோக் சரியாக மூடவில்லை அல்லது பிளக் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது.

* ஈரமான கருப்பு, எண்ணெய்ப் பிசுக்கு: டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் அதிகம். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ரிங், வால்வு கைடு, சீல் தேய்ந்திருக்கலாம்.

* சுண்ணாம்பு வெள்ளை, பீங்கானில் கொப்புளம், முனை உருகல்: பெட்ரோல் குறைவு, எங்கோ காற்று இழுக்கிறது, டைமிங் முன்கூட்டி இருக்கிறது அல்லது பிளக் அளவுக்கு மீறிச் சூடானது. இதோடு நெடுஞ்சாலையில் விரட்டுவது பிஸ்டனோடு விளையாடுவது.

ஆயில் எரிக்கும் இன்ஜினுக்கு ஒரு படி சூடான பிளக்கைப் போட்டு, கரி பிடிக்காமல் நாளைக் கடத்துவது பட்டறைகளில் பழைய வழக்கம். ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டிக்கு அது தற்காலிக மருந்து. அதே வண்டியை எடுத்துக்கொண்டு, கத்திரி வெயிலில் திருச்சி நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகக் கூடாது.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது, அதற்கு எரிபொருள் அளவு சற்றுக் கூட வேண்டும். புது வண்டியில் சென்சார் பார்த்து அதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்தக் கண் இல்லை. அதனால் முன்பு பழுப்பாக இருந்த பிளக் வெளிறலாம். இதற்கு வைத்தியம் பிளக்கில் இல்லை. கார்புரேட்டர் ஜெட்டையும், ரப்பர் குழாய்களையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

மாற்றும்போது கவனம்

இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றக் கூடாது, அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடும். கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட வேண்டும். புது பிளக்கை முதலில் விரலாலேயே முழுதும் ஏற்றி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகத் திருப்பினால் போதும். பலத்தைக் காட்டினால் மரை போகும். கரி பிடித்ததை உப்புத்தாளிலும் வயர் பிரஷ்ஷிலும் தேய்ப்பது அவசரத்துக்குச் சரி. பிரஷ்ஷின் இரும்புத் துகள் பீங்கானில் ஒட்டி, அதுவே மின்சாரம் கசியும் வழியாகிவிடும். வீடு சேர்ந்ததும் மாற்றிவிட வேண்டும்.

சரியான எண் எங்கே இருக்கும்? வண்டியோடு வந்த கையேட்டில். அது இல்லை என்றால், அதே மாடலுக்கான பிளக் கம்பெனி அட்டவணையில். வண்டியில் இப்போது இருக்கும் பிளக்கை நம்ப வேண்டாம். முப்பது வருடங்களில் எத்தனை கைகள் மாற்றினவோ, யார் கண்டது!

புளியமரத்தடிப் பட்டறையில் அன்று பெரியவர் போட்டது, எக்ஸ்எல்லுக்கான சாதா பிளக்தான். ஏர் ஃபில்டரைக் கழுவி மாட்டினார். பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்து, கம்பெனி சொன்ன அளவு ஆயில் கலந்து ஊற்றினார். “கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். குறைச்சா நிஜமாவே இன்ஜின் பிடிச்சிரும்” என்று அழுத்திச் சொன்னார். கடைசியாக, பெயின்ட் டப்பாவில் குச்சியை முக்கி, சீட்டுக்கு அடியில் பிளக் எண்ணை எழுதினார்.

“இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் சீட்டைத் தூக்கிக் காட்டு தம்பி. வேற எதுவும் பேசாத.”

மறுநாள் மேட்டில் வண்டி மிஸ் அடிக்கவில்லை. சாக்கை அவிழ்க்கும்போது மல்லிகை இன்னும் மொட்டாகவே இருந்தது.